கவலையும் விசுவாசமும்: வேதபாட வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் புதன்கிழமை சாயங்காலம் வேதபாட வகுப்பு நடக்கிறது. அதை நடத்துகிற நான் போதகர் இல்லை, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் யாரும் அதிகம் கேள்வி கேட்பதில்லை. முடிந்து காப்பி குடிக்கும்போதுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, "சார், ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்டவற்றில் கவலையைப் பற்றிய கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வசனங்கள் நாம் சபையில் வாசிக்கிற பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், இருப்பவை.

கவலைப்படுவது பாவமா?

பாவம்தான் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்கள் உண்டு. 'கவலைப்படாதிருங்கள்' என்பது இயேசுவின் கட்டளை, கட்டளையை மீறினால் பாவம்தானே என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் அவர் அதை யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். அன்றன்று உழைத்து அன்றன்று கூலி வாங்குகிறவர்கள் நிறைந்த கூட்டம் அது. என்னத்தை உண்போம், என்னத்தை உடுப்போம் என்பது அவர்கள் வீட்டில் தினமும் கேட்ட கேள்வி. அந்தக் கேள்விக்காக அவர் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இவையெல்லாம் உங்களுக்கு வேண்டியவை என்று உங்கள் பிதாவுக்குத் தெரியும் என்றார். நடுவில் 'அற்பவிசுவாசிகளே' என்று ஒரு தட்டு தட்டுகிறார், உண்மைதான். அதே வார்த்தையை தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவிடமும் சொல்கிறார் (மத்தேயு 14:31). அங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் கையை நீட்டிப் பிடித்துவிட்டார், அப்புறம்தான் ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டார்.

இன்னொன்று. கிரேக்க மூலத்தில் 'கவலைப்படாதிருங்கள்' என்பதற்கு இருக்கிற அதே வினைச்சொல்தான் 1 கொரிந்தியர் 12:25-லும் வருகிறது. அங்கே அவயவங்கள் ஒன்றைக்குறித்து ஒன்று கவலையாயிருக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். 'ஒன்றுக்குங்கவலைப்படாமல்' என்று பிலிப்பியருக்கு எழுதினவரும் அவர்தான், எல்லாச் சபைகளைக் குறித்த கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கு எழுதினவரும் அவர்தான் (2 கொரிந்தியர் 11:28). எல்லாக் கவலையும் பாவம் என்றால் முதலில் பவுலைத்தான் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும்.

அப்படியானால் எந்தக் கவலையை விடச் சொல்கிறார்?

இந்த இடத்தில் தமிழ் வேதாகமம் நமக்கு ஒரு உதவி செய்கிறது. சங்கீதம் 94:19-ல் 'என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்' என்று வருகிறது. விசாரம் என்றால் கவலை. 1 பேதுரு 5:7-ஐ எடுங்கள்: 'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.' இங்கே விசாரிப்பது என்றால் நலம் கேட்பது, பார்த்துக்கொள்வது. "சித்திக்கு உடம்பு சரியில்லையாம், ஒரு எட்டு போய் விசாரித்துவிட்டு வா" என்று வீட்டில் சொல்வோமே, அதே சொல்.

நான் இதை எனக்கு ஒரு அளவுகோலாக வைத்திருக்கிறேன். கால் நடந்து போய், கை ஏதாவது செய்ய முடிகிறவரை அது விசாரிப்பு. செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகும் மனசு மட்டும் செக்கு மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அது விசாரம். முதலாவது என் வேலை. இரண்டாவதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விசாரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று பேதுரு சொல்வதால் அவரிடம் கொடுக்கிறேன்.

'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்' என்ற வசனத்தையும் இப்படித்தான் வாசிக்கிறேன். பாடு என்றால் கஷ்டமும்தான், பாடுபடுகிற உழைப்பும்தான். அன்றாடப்பாடு என்கிறோம். இன்றைய பாடு இல்லை என்று இயேசு சொல்லவில்லை. நாளைய பாட்டை இன்றைக்கே தூக்கிவந்து இதோடு சேர்த்துக் கட்டாதே என்கிறார்.

பணம் சேர்த்துவைப்பது, இன்ஷூரன்ஸ் எடுப்பது அவிசுவாசமா?

இல்லை. பறவைகள் களஞ்சியத்தில் சேர்த்துவைப்பதில்லை என்ற வசனத்தைக் காட்டித்தான் இதைக் கேட்கிறார்கள். லூக்காவில் அதே போதனையில் 'காகங்களைக் கவனித்துப்பாருங்கள்' என்று இருக்கிறது (12:24). நம் ஊர்க் காகத்தை ஒரு நாள் பாருங்கள். விடிவதற்கு முன்னால் எழுந்துவிடும், நாலு வீட்டு மொட்டைமாடி சுற்றும், அடுப்படி ஜன்னலில் வந்து அதிகாரமாகக் கத்தும். தேவன் காகத்தைப் போஷிக்கிறார், ஆனால் கூட்டுக்குள் கொண்டுவந்து ஊட்டவில்லை. இதில் இன்னொரு அழகும் இருக்கிறது. லேவியராகமம் 11-ஆம் அதிகாரப்படி காகம் தீட்டான பறவை. தீட்டென்று ஒதுக்கினதற்கே சாப்பாடு போடுகிறவர் உங்களை விட்டுவிடுவாரா என்பதுதான் அங்கே கேள்வி.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவன் தினமும் தந்த மன்னா என்ற உணவை மறுநாளுக்கு வைத்தபோது புழு பிடித்தது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு நாளுக்கானதைச் சேர்க்கச் சொன்னவர் தேவன்தான், அது கெடவில்லை (யாத்திராகமம் 16). யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தது தேவன் காட்டிய சொப்பனத்தின்படி. பாலிசி போடுங்கள். பாலிசிப் பத்திரத்தை தினமும் எடுத்துப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

ஜெபம் பண்ணி எழுந்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் அதே கவலை வந்துவிடுகிறதே?

எல்லோருக்கும் வரும். பெரிய ஊழியக்காரர்களுக்கும் வரும், மேடையில் சொல்லமாட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பழைய சாலைகளில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கைகொடுக்காமல் தாமாகவே சுமையை அதன்மேல் சரித்துவிடலாம். கழுத்தைத் திருப்பி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டு நடப்பார். அடுத்த சுமைதாங்கி வந்தால் மறுபடியும் இறக்குவார். முந்தின கல்லில் சரியாக இறக்கவில்லை போலிருக்கிறது என்று அவரை யாரும் ஏசமாட்டார்கள். 'கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு' (சங்கீதம் 55:22) என்ற வசனம் எனக்குப் புரிந்தது ஒரு சுமைதாங்கிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான். ஒரு நாளில் பத்துத் தடவை வைக்க வேண்டியிருந்தால் பத்துத் தடவை வையுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் அன்னாள். பிள்ளை இல்லை, சக்களத்தியின் குத்தல் பேச்சு, சாப்பாடு இறங்கவில்லை. ஆலயத்தில் அழுதுகொண்டே உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்ததைப் பார்த்து ஆசாரியன் ஏலி, குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். ஜெபித்து முடித்தாள். அப்புறம் என்ன ஆயிற்று? 'போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை' (1 சாமுவேல் 1:18). பின்னால் அவளுக்குப் பிறந்த சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை. ஆசாரியனின் ஒரு வார்த்தையைத் தவிர அவள் கையில் வேறொன்றும் இல்லை. ஜெபத்துக்குப் பலன் கிடைத்ததா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில், "ராத்திரி சாப்பிட்டீர்களா?" என்றுதான் கேட்பேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. என்ன செய்ய?

சில வருஷங்களுக்கு முன்னால் என் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து, சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. பகலில் நானும் எல்லோருக்கும் வசனம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரி மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அந்த நாட்களில் ஒரு நல்ல நண்பர், 'அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்' என்ற 127-ஆம் சங்கீத வசனத்தை அனுப்பிவைத்தார். ஆறுதலுக்குத்தான் அனுப்பினார். தூக்கம் வராமல் கிடக்கிறவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவர் யோசிக்கவில்லை. அப்படியானால் நான் பிரியமானவன் இல்லையா என்று மூன்று மணிவரை யோசித்தேன்.

எனக்கு உதவியது 13-ஆம் சங்கீதம். முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு தடவை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறான் தாவீது. 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று கேட்க வேதத்திலேயே அனுமதி இருக்கிறதென்றால், நானும் அலங்காரமில்லாமல் பேசலாம் என்று தோன்றியது. எழுந்து அடுப்படியில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறது, அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது, கேஸ் எப்போது புக் பண்ண வேண்டும் என்பதுகூடத் தெரியாது என்று சத்தமாகவே சொன்னேன். அப்புறம் ஒரு நோட்டில், காலையில் செய்ய வேண்டியது என்று இரண்டே வரி எழுதினேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். படுக்கையில் புரளுவதைவிட எழுந்து உட்காருவது நல்லது. போனைத் தொட வேண்டாம். நடுராத்திரியில் நோயின் பெயரைத் தேடிப் படித்து யாருக்கும் சமாதானம் வந்ததில்லை.

(கட்டி சாதாரணக் கட்டிதான். ஆனால் முடிவு வேறுவிதமாக வந்திருந்தாலும் இந்தப் பதிலை மாற்றியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.)

கடன் பாரம். வட்டி கட்டவே சம்பளம் போகிறது. ஜெபித்தால் தீருமா?

இந்தக் கேள்விக்கு நான் இன்னொரு கேள்வி கேட்பேன். மொத்தம் எவ்வளவு என்று வீட்டில் சொல்லிவிட்டீர்களா? நகைக்கடன், குழுக்கடன், தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும் தனித்தனியாக ஜெபக்குறிப்பு கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எசேக்கியா ராஜாவுக்கு அசீரியாவிலிருந்து மிரட்டல் கடிதம் வந்தபோது, அதை வாசித்துவிட்டு ஒளித்துவைக்கவில்லை. ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தார் (2 இராஜாக்கள் 19:14). பேங்க் நோட்டீஸையும் அடகுச் சீட்டுகளையும் அப்படியே விரித்துவைத்து, குடும்பமாக முழங்கால்படியிடுங்கள். அப்புறம் 2 இராஜாக்கள் 4-ஐ வாசியுங்கள். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்துவிட்டான். தீர்க்கதரிசி எலிசா அந்தப் பிள்ளைகளின் தாயான விதவையிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அது பெருகியது அற்புதம்தான். ஆனால் பெருகின எண்ணெயைப் பார்த்தபின் அவர் சொன்னது: போய் விற்று, உன் கடனைத் தீர். கடைவீதிக்குப் போவதும் கடன்காரனைப் பார்த்துப் பேசுவதும் அந்த அற்புதத்தின் பாகம்தான். கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கச் சொல்கிற யோசனை யாரிடமிருந்து வந்தாலும், ஜெபத்தில் கிடைத்ததாகவே சொன்னாலும், ஒதுங்கிவிடுங்கள்.

மனநல மருத்துவரிடம் போனால், மாத்திரை போட்டால், விசுவாசம் இல்லை என்று ஆகாதா?

இதைக் கேட்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை இப்படி யாரும் கேட்பதில்லை.

எலியாவின் கதைக்கு வாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்கிறார் (1 இராஜாக்கள் 19). விசுவாசம் இல்லாத ஆளா அவர்? அந்த நேரத்தில் பரலோகம் அவருக்குப் பிரசங்கம் அனுப்பவில்லை. தூங்க விட்டது. தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், பிரயாணம் தூரம் என்று. 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்தான் வருகிறது. உடம்பைத் தனியாகவும் ஆவியைத் தனியாகவும் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம், வேதத்தின் வழக்கமாக எனக்குத் தெரியவில்லை.

பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர். 1900-ஆம் வருஷம் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அவர்கள் பாகாயத்தில் மனநலத்துக்கென்றே தனி மையம் வைத்திருக்கிறார்கள். மிஷனரி தொடங்கிய ஆஸ்பத்திரியிலேயே அந்தச் சிகிச்சை இருக்கும்போது, நாம் அதை அவிசுவாசம் என்பது வேடிக்கை.

எப்போது போக வேண்டும்? தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், காரணமில்லாமல் நெஞ்சு படபடத்துக் கை நடுங்கினால், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் போனால், தாமதிக்க வேண்டாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசாங்கத்தின் மனநல உதவி எண்) இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்கிற எந்தத் 'தீர்க்கதரிசனத்தையும்' கேட்காதீர்கள். போதகர் ஜெபிக்கட்டும், மாத்திரை விஷயத்தை டாக்டர் பார்க்கட்டும்.

நம்பி ஜெபித்தேன், நடக்கவில்லை. "உனக்கு விசுவாசம் குறைவு" என்கிறார்கள். உண்மையா?

அப்படிச் சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. மாம்சத்தில் ஒரு முள் என்று தான் சொன்ன உபத்திரவம் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில்தான் வந்தது. பாடுபடுவதற்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் இயேசுவே அந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். அவருக்கும் விசுவாசம் குறைவா?

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரை எல்லோருக்கும் தெரியும். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-லிருந்து அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேதான். அவர் சுகமாக வேண்டும் என்று ஜெபிக்க அந்த வளாகத்தில் ஆளுக்குக் குறைவில்லை. சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்களாக எழுதித் தள்ளினார். தன் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், வளர்ந்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். ஆகாயத்துப் பட்சிகள் வசனத்தைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் அந்தத் தொட்டி ஞாபகத்துக்கு வரும்.

சாட்சி நேரத்தில் நடந்த ஜெபங்களை மட்டும் சொல்கிறோம். நடக்காமல் போனதையும், அதற்குப் பிறகும் சபைக்கு வந்து உட்கார்ந்திருப்பதையும் யாராவது எழுந்து சொன்னால் அதுவும் சாட்சிதான் என்பேன்.

புது வருஷ வாக்குத்தத்த அட்டை எடுத்தேன், அதற்கு நேர்மாறாக நடக்கிறதே?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுக்கிற வசன அட்டையைச் சொல்கிறீர்கள். நானும் எடுப்பேன், வேதத்துக்குள் வைத்துக்கொள்வேன். ஆனால் அது கிளி எடுத்துத் தருகிற சீட்டு இல்லை. தேவன் நமக்கு நல்ல முடிவையே நினைத்திருக்கிறார் என்கிற எரேமியா 29:11 நம் அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம். அது சிறைப்பட்டு பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. அவர்கள் திரும்பிவர எழுபது வருஷம் ஆகும் என்று பத்தாம் வசனத்தில் இருக்கிறது. அட்டையில் பத்தாம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை.

வேதத்தில் 'பயப்படாதே' என்று 365 தடவை இருக்கிறதாமே?

வேதத்தில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டுகிற ஒத்தவாக்கிய அகராதியை எடுத்து எண்ணிப் பாருங்கள், அவ்வளவு வராது. நல்ல பிரசங்கக் குறிப்பு, கணக்குதான் தப்பு.

பிள்ளைகளை நினைத்தால்தான் பயம். மகன் பரீட்சை எழுதுகிறான், நான் தூங்குவதில்லை.

மோசேயின் தாய் செய்ததைப் பாருங்கள் (யாத்திராகமம் 2). நாணற்பெட்டியை எடுத்தாள், தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசினாள், பிள்ளையை வைத்தாள், நதியோரத்தில் நாணலுக்குள்ளே விட்டாள். பூச வேண்டியதைப் பூசாமல் விடவில்லை. பூசியபிறகு பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கவும் இல்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க அக்காள்காரி தூரத்தில் நின்றாள் என்பதும் எழுதியிருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அறைக்கதவைத் திறந்து பால் வேண்டுமா என்று கேட்காதீர்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறான்.

கவலையில் இருக்கிற ஒருவரைப் பார்க்கப் போகிறேன். எந்த வசனம் சொல்லட்டும்?

போனவுடனே எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் மூன்று சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அந்தப் புத்தகத்தில் அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், வாயைத் திறந்ததும் கெட்டது. நீங்கள் பார்க்கப் போனவர் சொல்வதைக் கேளுங்கள். 'நான் இருந்திருந்தால்' என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் மைத்துனருக்கு இதே வியாதி வந்து என்ன ஆயிற்று என்ற கதையையும் விட்டுவிடுங்கள். கிளம்பும்போது, ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றால் சுருக்கமாக ஜெபியுங்கள். அந்த வீட்டில் யாரும் அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டார்கள். இட்லியோ அடையோ, எது எளிதோ, தூக்குவாளியில் எடுத்துப் போங்கள். சட்னி தனியாக.